வாட்ஸ்அப் இருக்கும்போது நோட்டீஸ் எதற்கு? கடலூர், புதுச்சேரி கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, புதுச்சேரி என இந்தப் பக்கத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ், கார்டு, கவர், காலண்டர் எல்லாம் வடிவமைத்து அச்சடித்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். நேரில் சொல்லும் பதில்களை இங்கே எழுத்தில் வைத்திருக்கிறேன்.

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இன்னும் நோட்டீஸ் அடிக்கத்தான் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. "இன்று மாலை வஞ்சிரம் வந்திருக்கிறது" என்று சொல்ல நோட்டீஸ் எதற்கு? அதற்குப் போன் போதும். ஆனால் ஒரு வீட்டுக்கு நீங்கள் எப்போது தேவைப்படுவீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது என்கிற தொழில்கள் இருக்கின்றன. பிளம்பர், இன்வெர்ட்டர் சர்வீஸ், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ரிப்பேர், சாமியானா பந்தல், கேட்டரிங், வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட். இவர்களுக்குக் காகிதத்தை விட்டால் வேறு நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆடி மாதம் அனுப்பிய மெசேஜ் ஐப்பசியில் மோட்டார் ஓடாமல் நிற்கும்போது எங்கே இருக்கும்? ஆயிரம் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் இருக்கும். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய கார்டு அங்கேயேதான் இருக்கும்.

அதனால் நான் யாரிடமும் "எத்தனை ஆயிரம் அடிக்கலாம்?" என்று முதலில் கேட்பதில்லை. இந்தக் காகிதம் வாங்கியவர் வீட்டில் எந்த இடத்தில் தங்கும் என்றுதான் கேட்பேன். இடம் சொல்லத் தெரியவில்லை என்றால் அச்சடிக்க இன்னும் நேரம் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செலவே இல்லையே?

செலவு இல்லைதான். ஆனால் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். சாதாரண வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதாவது, ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவருக்குத்தான் நீங்கள் திரும்பவும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வண்டிப்பாளையத்தில் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு உங்கள் எண் தெரியாது, உங்களுக்கு அவர்கள் எண்ணும் தெரியாது. அந்த வாசலுக்குப் போகக்கூடியது நோட்டீஸ் ஒன்றுதான்.

எஸ்எம்எஸ், போன் அழைப்பு என்று போனால் இன்னொரு சிக்கல். 1909 என்ற எண்ணில் பதிவு செய்து விளம்பர அழைப்பே வேண்டாம் என்று சொன்னவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். தெரிந்தவருக்குப் போன், தெரியாதவருக்குக் காகிதம்.

கொடுத்த நோட்டீஸைப் பத்தடி தள்ளிக் கீழே போட்டுவிட்டுப் போகிறார்களே?

போடத்தான் செய்வார்கள். அதில் நம் கடைப் பெயரும் "மாபெரும் தள்ளுபடி"யும் மட்டும் இருந்தால் அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது? காகிதத்தில் பாதி உங்களுக்கு, பாதி வாங்குகிறவருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவருக்கு உரிய பாதியில் அவருக்கு உபயோகமான ஒன்று இருக்க வேண்டும்.

நான் பார்த்ததில் இதை மிகச் சரியாகச் செய்கிறவர்கள் மருந்துக்கடைக்காரர்கள். மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகிதக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம், கீழே சாப்பாட்டுக்கு முன், பின் என்று ஒரு வரி. கடைக்காரர் பேனாவால் டிக் அடித்துக் கொடுத்துவிடுவார். முதுநகரில் ஒரு கடையில் அந்தக் கட்டங்களுக்குப் பக்கத்திலேயே சூரியன், நிலா படம் போட்டிருக்கிறார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிகளுக்காக. ஐந்து நாள் மருந்து என்றால் ஐந்து நாளும் மூன்று வேளை அந்தக் கவர் கையில் எடுக்கப்படுகிறது. கடைப் பெயரும் போன் எண்ணும் ஒவ்வொரு முறையும் கண்ணில் படுகின்றன. அதை யாரும் விளம்பரம் என்று நினைப்பதே இல்லை.

இதையே மற்ற தொழில்களுக்கும் யோசிக்கலாம். தையல் கடைக்கு அளவு எழுதிக்கொள்ளும் கார்டு. பேக்கரிக்கு, கேக் எத்தனை கிலோ வாங்கினால் எத்தனை பேருக்குக் காணும் என்ற பட்டியல். கேட்டரிங்காரருக்கு, நூறு பேர் சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி, எத்தனை இலை, எத்தனை தண்ணீர் கேன் என்ற கணக்கு. நிச்சயதார்த்தம் வைத்திருக்கும் வீட்டில் அந்தத் தாள் மஞ்சள் குங்குமத்தோடு பீரோவுக்குள் போய்விடும்.

நம் ஊருக்கென்றே இன்னொன்று உண்டு. நாம் புயல் பாதையில் இருக்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது. கரண்ட் போய், சார்ஜ் தீர்ந்து, டவரும் விழுந்துவிட்டால் போனுக்குள் இருக்கும் எண்கள் எல்லாம் அதோடு போச்சு. அடுத்த தெருவில் யாரிடமாவது வேலை செய்கிற போன் கிடைத்தாலும் எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியாது. ஐப்பசி தொடங்கும்போதே ஒரு கார்டு அடித்துக் கொடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, கடலூர்ப் பக்கம் மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, வீட்டுக்காரர்கள் தாங்களே எழுதிக்கொள்ள ஆறேழு வெற்று வரிகள், அடியில் உங்கள் கடைப் பெயர். ஹார்டுவேர் கடை, பேட்டரிக் கடை, மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் இதைச் செய்தால் மழைக்காலம் முழுக்க அது சுவரில் இருக்கும். ஊருக்கும் நல்லது.

காலண்டர் இப்போதும் வேலை செய்யுமா?

செய்யும். சிறு கடைக்குக் காகிதத்தில் கிடைக்கும் மிகப் பெரிய இடம் அதுதான். தினசரி காலண்டரில் தாள் கிழிக்க என்று ஒரு கை தினமும் அங்கே வருகிறது. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் பார்க்க வருகிறது. கிழித்த தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார்கள், சாமான் பட்டியல் போடுவார்கள். போனில் பஞ்சாங்கம் வந்த பிறகும் வீடுகளில் இந்தப் பழக்கம் போகவில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஹாலில் மாட்டப் பெரிய நகைக்கடையும் ஜவுளிக்கடையும் தரும் காலண்டர் போட்டி போடும். பளபளவென்று ஃபாயில் (மின்னும் மெல்லிய தகடு) ஒட்டிய அந்தக் காலண்டரோடு நீங்கள் மோத வேண்டாம். சமையலறைச் சுவரைக் குறிவையுங்கள். சின்ன அளவில் மாதக் காலண்டர், ஒவ்வொரு தேதிக்கும் கட்டம் பெரிதாக, படம் சிறிதாக. பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள், வேலைக்காரம்மா லீவு எல்லாம் அந்தக் கட்டத்தில் எழுதுவார்கள். எழுத ஆரம்பித்துவிட்டால் டிசம்பர் வரை கழற்ற மாட்டார்கள்.

சாமி படம் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். காலண்டரில் தாராளமாகப் போடலாம். பாடலீஸ்வரர், மணக்குள விநாயகர் படம் போட்ட காலண்டரை வருடம் முடிந்த பிறகும் குப்பையில் போட மனம் வராமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஆனால் கைநோட்டீஸில் போடாதீர்கள். அது தெருவில் விழும், காலில் மிதிபடும், பார்க்கிறவர் மனம் சங்கடப்படும். அந்தச் சங்கடம் உங்கள் கடைப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் பூ, கடல், இயற்கைக் காட்சி போட்ட வேறொரு டிசைனும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எப்போது ஆர்டர் தருவது? சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் டிசைன் ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குவது வழக்கம். நம் கடைக்காரர்கள் கார்த்திகை பிறந்த பிறகுதான் ஓடி வருகிறார்கள். அப்போது நல்ல டிசைன் போயிருக்கும், வேலையும் அவசர வேலையாகத்தான் நடக்கும்.

எங்கே கொடுத்தால் பலன்?

பேப்பருக்குள் வைத்து அனுப்புவது இன்னும் நல்ல வழிதான். உங்கள் பகுதிப் பேப்பர் ஏஜென்டிடம் எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை பேப்பர் போகிறது என்று கேட்டு, அந்தத் தெருக்களுக்கு மட்டும் கொடுங்கள். விடியற்காலை கட்டுப் பிரித்து அடுக்கும் பையன்கள்தான் நோட்டீஸைச் செருகுகிறார்கள். மூன்று நோட்டீஸ் ஒரே நாளில் இருந்தால் மூன்றும் ஒன்றாக வழுக்கி விழும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கொடுப்பார்கள், நீங்கள் செவ்வாய், புதன் பாருங்கள்.

தபால் துறையில் டைரக்ட் போஸ்ட் என்று ஒரு சேவை இருக்கிறது. விலாசமே எழுத வேண்டாம், நீங்கள் சொல்லும் பகுதியில் தபால்காரரே வீடுவீடாகக் கொடுப்பார். இது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. தலைமைத் தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். தபால்காரர் கையால் வாங்கும் காகிதத்துக்கு இன்றும் ஒரு மரியாதை உண்டு.

திருவிழாக் கூட்டத்தில் கொடுப்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தை 5 ஆற்றுத் திருவிழாவுக்குத் தென்பெண்ணைக் கரையில் கூடும் கூட்டம் பெரிய கூட்டம்தான். ஆனால் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சுருளிக் கிழங்கு என்று போகிறவர் உங்கள் நோட்டீஸை எந்தக் கையில் வாங்குவார்? அங்கே கொடுப்பதானால் குழந்தைக்குக் காகித விசிறி கொடுங்கள். விசிறியின் முதுகில் கடை விலாசம் இருக்கட்டும்.

சுவரில் போஸ்டர் ஒட்டலாமா?

அனுமதியில்லாமல் ஒட்டக்கூடாது. தமிழ்நாட்டில் 1959-லிருந்தும் புதுச்சேரியில் 2000-லிருந்தும் பொது இடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. தனியார் சுவர் என்றாலும் வீட்டுக்காரரைக் கேட்காமல் மைதா பசையைத் தடவாதீர்கள். காலையில் கதவைத் திறந்து தன் சுவரில் உங்கள் பெயரைப் பார்க்கிறவர் உங்கள் கடைக்கு வருவாரா?

எந்தத் தாளில் அடிப்பது?

கைநோட்டீஸுக்கு 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத சாதாரணத் தாள் போதும். கலர்ப் படம் முக்கியமென்றால் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் என்ற வழுவழுப்பான தாள். விசிட்டிங் கார்டுக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. வாடிக்கையாளர் பேனாவால் எழுத வேண்டிய எதையும் பளபளப்புத் தாளில் அடிக்காதீர்கள், மை நிற்காது, இழுகும்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959-லிருந்து நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் ஒவ்வொரு தாளாக அள்ளி எடுத்து, அழுத்திக் காயவைத்துச் செய்கிறார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கியவர் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் விடமாட்டார். விலை கூடுதல்தான். சாதாரண நோட்டீஸுக்கு அது தேவையே இல்லை. பொட்டிக், தங்கும் விடுதி, கட்டடக் கலைஞர், கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவர்களுக்குச் சரியாகப் பொருந்தும். சொரசொரப்பான தாள் என்பதால் நுணுக்கமான கலர்ப் படம் ஏறாது. ஒரே வண்ணத்தில், எழுத்து மட்டும், ஸ்கிரீன் பிரிண்டில் அடித்தால் அழகு.

போனில் டைப் செய்து அனுப்பினேன். பிரஸ்ஸில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. ஏன்?

உங்கள் போனில் இருப்பது யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பல அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர், பழைய கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருள்கள்தான் ஓடுகின்றன. அவற்றுக்கென்று தனித்தனி எழுத்துக் குறியீடு வைத்த பழைய எழுத்துருக்கள் இருக்கின்றன. யூனிகோட் எழுத்தை அங்கே ஒட்டினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று போய்விடும். "பொங்கல்" என்பதில் கொம்பு ப-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய், புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பி எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றுவார், அல்லது மறுபடி டைப் அடிப்பார். மறுபடி அடிக்கும்போதுதான் பிழை நுழைகிறது, அதிலும் போன் எண்ணில்.

ஆகவே ப்ரூஃப் (அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரி) பார்க்காமல் "ஓகே, ஓட்டுங்க" என்று சொல்லாதீர்கள். ப்ரூஃபைப் போனில் படமாகப் பார்க்காமல் தாளில் எடுத்துக் கேளுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், ற-வும் ர-வும் மாறியிருப்பது அப்போதுதான் தெரியும். பிறகு அந்தத் தாளைப் பார்த்தே எண்ணை அழுத்திக் கூப்பிடுங்கள். உங்கள் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். நீங்களே டிசைன் செய்து அனுப்புவதானால் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கிவிட்டு (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு) பிடிஎஃப்பாகக் கொடுங்கள். படம் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), ஓரத்தில் வெட்டுவதற்கு 3 மில்லிமீட்டர் கூடுதல். போன் திரையில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் கொஞ்சம் மங்கித்தான் வரும். அது அச்சகத்தின் குறை இல்லை, மையின் இயல்பு.

க்யூஆர் போடலாமா?

போடலாம், காகிதத்தையும் போனையும் இணைக்க நல்ல வழி. 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்டு, வெளிர் நிறத் தாளில் கறுப்பில் அடியுங்கள். மடிப்பு விழும் இடத்தில் வைக்காதீர்கள். "ஸ்கேன் செய்யவும்" என்று மட்டும் எழுதினால் யாரும் செய்வதில்லை. செய்தால் என்ன கிடைக்கும் என்று எழுதுங்கள்: இன்றைய விலைப்பட்டியல், கடைக்கு வரும் வழி. பக்கத்திலேயே போன் எண்ணும் பெரிதாக இருக்கட்டும்.

நோட்டீஸைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"இந்த நோட்டீஸுடன் வந்தால்" என்று ஏதாவது ஒன்று கொடுங்கள், வந்த நோட்டீஸை வாங்கி ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். தெருவுக்குத் தெரு வேறுபடுத்த மூலையில் ஒரு சின்ன எழுத்து போதும். மஞ்சக்குப்பத்துக்கு ம, செம்மண்டலத்துக்கு செ. மாதக் கடைசியில் கம்பியைப் பிரித்து எண்ணினால் எந்தத் தெருவுக்கு மறுபடி கொடுக்கலாம் என்று தெரிந்துவிடும். காலண்டர், கார்டு போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றின் பலன் மெதுவாக வரும். புதிதாகக் கூப்பிடுகிறவரிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

எதை அச்சடிக்கவே கூடாது?

சர்க்கரை நோயை அடியோடு குணமாக்குவோம் என்று அடிக்கச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 1954-ம் ஆண்டு மருந்து, மாய நிவாரணச் சட்டம் அதைத் தடுக்கிறது, சின்ன நோட்டீஸும் மருந்து உறையும்கூட அதில் அடங்கும். நோயோடு இருப்பவரின் பயத்தில் காசு பார்ப்பதற்குக் காகிதம் துணைபோகக் கூடாது. ரூபாய் நோட்டு மாதிரியே தோற்றமளிக்கும் கூப்பன் குற்றம். சுதந்திர தினத் தள்ளுபடிக்குத் தேசியக் கொடியையோ காந்தி படத்தையோ போடுவதும் 1950-ம் ஆண்டுச் சின்னங்கள் சட்டத்தில் சிக்கும். தேர்தல் நோட்டீஸ் என்றால் அடித்தவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் கட்டாயம்.

காகிதம் அடித்தால் மரம் அழியாதா?

கவலை நியாயமானது. அதனால்தான் ஆயிரம் போதுமென்றால் ஐயாயிரம் அடிக்காதீர்கள் என்கிறேன். ஆனால் எல்லாத் தாளும் மரத்திலிருந்து வருவதில்லை. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தொடங்கப்பட்டது. தாள் வாங்கும்போது கேட்டு வாங்கலாம். உண்மையான கெடுதல் காகிதத்தின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. லேமினேஷன் செய்துவிட்டால் பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடுக்க மாட்டார். 2022 ஜூலை 1 முதல் அழைப்பிதழ் மேல் சுற்றும் பிளாஸ்டிக் உறைக்கும் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனருக்கும் நாடு முழுக்கத் தடை இருக்கிறது.

புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு என்ன கொடுப்பது?

வரைபடம். சனி, ஞாயிறு வருகிறவர் கடற்கரைச் சாலையிலிருந்து நடந்துதான் சுற்றுகிறார். மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் அளவில், பெரிய மார்க்கெட், பொது இடக் கழிப்பறை, பஸ் நிலையம் எல்லாம் காட்டி, உங்கள் கடையை ஒரு புள்ளியாக வையுங்கள். தங்கும் விடுதி வரவேற்பறையில் வைக்க அவர்களே சந்தோஷமாக இடம் தருவார்கள்.

முதல் தடவை அடிக்கிறேன். எவ்வளவு அடிக்கலாம்?

நூறு, இருநூறு என்றால் டிஜிட்டல் பிரிண்ட். அதற்கு மேல் ஆஃப்செட். ஆஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) போடும் செலவு எத்தனை அடித்தாலும் ஒன்றுதான், அதனால் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது. ஆயிரம் அடித்து, கடையைச் சுற்றி நடந்து வரும் தூரத்தில் உள்ள தெருக்களுக்கு மட்டும் கொடுங்கள். சலுகை முடியும் தேதியை அச்சடிக்காமல் இடம் விட்டு, தேதி ஸ்டாம்ப்பால் குத்திக்கொள்ளுங்கள். மீந்த நோட்டீஸ் அடுத்த மாதத்துக்கும் ஆகும்.